ஆறு விழுக்காட்டுப் பொய்

டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி (ரிங்கிட்) 15 காசாக இருந்த காலத்தில் என் மைத்துனன் ஒருநாளும் எரிபொருள் சிக்கனத்தைப் பற்றிப் பேசியதில்லை. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அது 3 வெள்ளி 35 காசானது. அந்த மாதக் கடைசியில், சவர்க்காரக் கட்டியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பினாங்கு மாநிலத்துப் பிறை நகரில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அத்தான், இதை மாட்டினால் இழுவையும் கூடும், டீசலும் மிச்சமாகும்."

இரண்டும் ஒருசேர நடக்கும் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வரும். பையனுக்குக் குணமும் உண்டு, சொத்தும் உண்டு, எந்தப் பழக்கமும் இல்லை என்று தரகர் சொல்லும்போது பெண்ணைப் பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரிச் சந்தேகம்.

இதை 'டியூனிங் பாக்ஸ்' என்று விற்கிறார்கள். பெட்டியின் விலை 680 வெள்ளி. அவனுடைய வண்டி இன்னும் உத்தரவாதக் காலத்தில் இருந்தது. அதனால் முதலில் என் வண்டியில் மாட்டிப் பார்த்துவிடலாம் என்று பெருந்தன்மையோடு முடிவு செய்திருந்தான். என்னுடையது 11 வயதான 2.5 லிட்டர் டீசல் பிக்கப். கியரைக் கையால் மாற்ற வேண்டும். அப்போது 1 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 22 ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பில் இருந்துவிட்டு, இப்போது மாமனாரின் கூடார வாடகைத் தொழிலை மைத்துனனோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறேன். இரும்புக் குழாய், தார்ப்பாய், மேசை, நாற்காலி, விசிறி. தைப்பூசம் வந்தால் தண்ணீர்மலைச் சாலையில் தண்ணீர்ப்பந்தல் போடுகிறவர்களுக்கும் நாங்கள்தான் கொண்டுபோய் இறக்குவோம். ஆக, என் வண்டி அலங்காரத்துக்கு நிற்கும் வண்டி இல்லை.

மாட்டுவதில் வித்தை ஒன்றுமில்லை. டீசல் தேங்கும் பொதுக் குழாயின் நுனியில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் ஒன்று இருக்கும். அதன் சொருகியைக் கழற்றி, பெட்டியின் ஒரு முனையைச் சென்சாரிலும் மறுமுனையை வண்டியின் கம்பியிலும் சொருகினால் தீர்ந்தது வேலை. கால் மணி நேரம் ஆனது. அதில் பத்து நிமிடம், கீழே விழுந்த பிளாஸ்டிக் கிளிப் ஒன்றை இருவரும் டார்ச் அடித்துத் தேடியது.

அன்று மாலையே குழாய்களை ஏற்றிக்கொண்டு பட்டர்வொர்த் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தேன். உள்ளதைச் சொல்லவேண்டும்: இழுவை கூடியிருந்தது. மனப்பிரமை இல்லை. பாலத்தில் ஏறும் வளைவில் மூன்றாவது கியருக்கு இறக்கவேண்டிய இடத்தில் நான்காவதிலேயே வண்டி ஏறியது. மைத்துனன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தானே அந்த இன்ஜினைச் செய்தவன்போலச் சிரித்துக்கொண்டிருந்தான்.

இந்தப் பெட்டிகள் வெறும் ஏமாற்று, ஒன்றுமே செய்யாது என்று சொல்லும் ஆள்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அவை ஏதோ செய்கின்றன. என்ன செய்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய டீசல் இன்ஜின்களில் பம்ப் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் குழாயில் டீசலைத் தள்ளும். காமன் ரெயில் முறை 1997இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு பயணிகள் கார்களுக்கு வந்தது. இன்று ஓடும் டீசல் பிக்கப்புகள் எல்லாமே ஏறத்தாழ அந்த வழிதான். இதில் பம்ப் ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தித் தேக்கி வைக்கும். அழுத்தம் சாதாரணமானதன்று. நம் கார் டயரில் இருப்பது இரண்டு, இரண்டரை பார் அழுத்தம். இந்தக் குழாயில் வேகமாக ஓட்டும்போது ஆயிரத்துக்கும் மேல், புதிய இன்ஜின்களில் 2,000ஐத் தாண்டியும் போகும். சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் இன்ஜின் கணினியின் கட்டளைப்படி நொடியில் மிகச் சிறு பகுதி நேரம் திறந்து மூடுகின்றன.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சிலிண்டருக்குள் எவ்வளவு டீசல் போனது என்று அளக்கும் மீட்டர் எதுவும் வண்டியில் கிடையாது. எண்ணெய் நிலையத்தின் பம்பில் இருப்பது போன்ற ஒன்று அங்கே இல்லவே இல்லை. இன்ஜின் கணினி கணக்குப் போடுகிறது, அவ்வளவுதான்: அழுத்தம் இவ்வளவு, இன்ஜெக்டர் திறந்திருந்த நேரம் இவ்வளவு, ஆகவே உள்ளே இறங்கிய டீசல் இவ்வளவு. அந்த அழுத்தம் அதற்குத் தெரிவது ஒரே ஒரு சென்சார் சொல்லித்தான். அந்தச் சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில்தான் நாங்கள் பெட்டியைச் சொருகியிருந்தோம்.

பழக்கதோஷம் விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு போர்ட்டிக்கோவில் உட்கார்ந்தேன். பெட்டிக்கு முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு முள். இன்ஜினின் வேகத்தைக் கூட்டக் கூட்ட, சென்சார் அனுப்பும் மின்னழுத்தத்தைவிடப் பெட்டி கால் வோல்ட்டிலிருந்து அரை வோல்ட் வரை குறைத்து அனுப்பிக்கொண்டிருந்தது. மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வேலையை விட்டு வந்தும் இதே வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஒரு சென்சார் அழுத்தமே இல்லாதபோது அரை வோல்ட்டும், 1,800 பாரில் நாலரை வோல்ட்டும் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வோல்ட்டுக்கு 450 பார். பெட்டி 0.4 வோல்ட் குறைத்தால் கணினிக்கு 180 பார் குறைவாகத் தெரியும். கணினிக்கு வேண்டியது 1,400. 'குறைகிறதே' என்று அது பம்பை இன்னும் அழுத்தச் சொல்லும். கடைசியில் கணினி 1,400 என்று நிம்மதியாக இருக்கும்போது குழாய்க்குள் உண்மையில் இருப்பது 1,580. அழுத்தம் 13 விழுக்காடு கூடினால் டீசல் 13 விழுக்காடு கூடிவிடாது. துளை வழியே பாய்வது அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்பதால் ஏறக்குறைய 6 விழுக்காடு கூடும். நேரம் அதே நேரம், டீசல் 6 விழுக்காடு அதிகம். இழுவை வந்த வழி இதுதான். மலிவான சில பெட்டிகளைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு ரெசிஸ்டர் பிசினில் புதைந்திருக்கும். நல்ல பெட்டிகள், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் காற்றழுத்தச் சென்சாரையும் பிடித்துக்கொண்டு, உச்சச் சுமையில் பொய்யைக் குறைத்துக்கொள்ளும் அளவுக்கு நாகரிகம் உள்ளவை. ஆனாலும் குலத்தொழில் ஒன்றுதான்.

2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் விவகாரம் வெளியே வந்தது நினைவிருக்கும். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளின் கணினி மென்பொருள், புகைச் சோதனை நடக்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. அங்கே கணினி சோதிப்பவர்களிடம் பொய் சொன்னது. இங்கே நாம் காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கி, கணினியிடம் பொய் சொல்ல வைக்கிறோம்.

இனி டீசல் மிச்சத்துக்கு வருகிறேன். மைத்துனன் அதில்தான் வெற்றிக்கொடி நாட்டினான்.

பெட்டி மாட்டுவதற்கு முன் என் வண்டியின் முன்பலகை லிட்டருக்குச் சராசரியாக 10.9 கிலோமீட்டர் என்று காட்டும். மாட்டிய பிறகு மெல்ல மெல்ல ஏறி 11.5இல் நின்றது. அவன் அதைக் கைப்பேசியில் படம் பிடித்து, பெட்டி விற்ற கடைக்காரருக்கே அனுப்பிவைத்தான். அவரும் ஒரு கட்டைவிரலை அனுப்பி ஆசீர்வதித்தார்.

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பதிவேடு எழுதி எழுதி, வண்டிக்கும் எழுதும் புத்தி வந்துவிட்டது. வீட்டுக்குப் பக்கத்திலுள்ள அதே நிலையம், முடிந்தவரை அதே பம்ப், பத்து விழுக்காடு பாமாயில் டீசல் கலந்த அதே பி10, முதல் 'க்ளிக்' சத்தத்தோடு நிறுத்துவது, ஓடிய தூரத்தையும் நிரப்பிய லிட்டரையும் எழுதுவது. பி7க்கும் பி10க்கும் இடையே மாறினாலும் கணக்கு கொஞ்சம் ஆடும். பனை எண்ணெயிலிருந்து செய்த டீசலில் லிட்டருக்குச் சக்தி சற்றுக் குறைவு. ஒரே ஒரு முறை நிரப்பிப் பார்த்துச் சொல்வதெல்லாம் கணக்கே இல்லை, ஐந்தாறு முறையாவது வேண்டும்.

நோட்டின்படி பெட்டிக்கு முன்: லிட்டருக்கு 10.3. முன்பலகை எப்போதுமே அரை கிலோமீட்டர் தாராளம், அது பழைய கதை. பெட்டியோடு ஆறு முறை நிரப்பிய பிறகு: 10.2.

முன்பலகையில் ஐந்தரை விழுக்காடு ஏற்றம். நோட்டில் ஒரு விழுக்காடு இறக்கம், அதையும் போக்குவரத்து நெரிசலின் கணக்கில் எழுதிவிடலாம். இரண்டுக்கும் நடுவில் புதிதாக விழுந்த இடைவெளி ஆறு விழுக்காட்டுக்குக் கொஞ்சம் மேல். மல்டிமீட்டரோடு உட்கார்ந்து போட்ட கணக்கிலும் ஏறக்குறைய அதே எண்தான் வந்திருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பலகையும் அதே கணினியின் கணக்கைத்தான் காட்டுகிறது. அதற்கென்று வேறு மீட்டர் கிடையாது. அழுத்தம் 1,400தான் என்று நம்பும் கணினி, 1,400க்கு உரிய டீசலைத்தான் செலவில் எழுதும். கூடுதலாக இறங்கிய ஆறு விழுக்காடு அதன் கணக்கில் இல்லை. அதே வேகத்தில் போக எனக்கு முன்பு வேண்டிய அளவு டீசல் இப்போதும் வேண்டும், ஆனால் பெடலைச் சற்றுக் குறைவாக மிதித்தாலே அது கிடைத்துவிடுகிறது. கணினிக்கு அது சிக்கனமாகத் தெரிகிறது. பெட்டி கணினிக்குச் சொன்ன பொய்யைக் கணினி நேர்மையாக நம்பி, நேர்மையாக நமக்கே திருப்பிச் சொல்கிறது. பெட்டி விற்பவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று நான் சொல்லமாட்டேன். அவர்களிலும் பலர் முன்பலகையைப் பார்த்துத்தான் சிக்கனம் என்று மனதார நம்புகிறார்கள்.

சரி, ஆறு விழுக்காடு உண்மையாகவே மிச்சமாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டும் கணக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். ஏறக்குறைய 146 லிட்டர், அன்றைய 3 வெள்ளி 35 காசு விலையில் 488 வெள்ளி. அதில் ஆறு விழுக்காடு 29 வெள்ளி. பெட்டிக்குப் போட்ட 680 வெள்ளி திரும்பிவர 23 மாதம். மைத்துனன் கேட்டுவிட்டு, "கணக்கெல்லாம் சரிதான் அத்தான், ஆனால் இழுக்கிறதே" என்றான்.

இழுத்தது உண்மை. செப்டம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை வரை இழுத்தது.

பாலிக் பூலாவில் ஒரு திருமணம். பாயா தெருபோங் பக்கமிருந்து ஜாலான் துன் சார்டோன் வழியாக மலையைத் தாண்டிப் போகவேண்டும். டுரியான் பருவத்தில் அந்தச் சாலையில் போனவர்களுக்கு வளைவுகள் மனப்பாடமாக இருக்கும். பின்னால் குழாய்கள், நாற்பது மேசை, உள்ளே இரண்டு பையன்கள். மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். திடீரென்று இன்ஜின் உறுமல் உயர்ந்தது; வேகம் உயரவில்லை. காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தேன். மறுபடி உறுமல். பிறகு அந்த வாடை வந்தது. சுட்ட தேங்காய் நாரும் ரப்பரும் கலந்த மாதிரி. ஒருமுறை முகர்ந்தவர்கள் மறக்கமாட்டார்கள். கிளட்ச்.

இரண்டாவது கியரில், கோயிலில் அடிப்பிரதட்சிணம் செய்கிறவர்களைப்போல ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். திருமண வீட்டில் கூடாரம் ஏறிவிட்டது, அது போதும்.

புக்கிட் மெர்தாஜாமில் எனக்கு இருபது வருடப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதிகம் பேசமாட்டார். பானெட்டைத் திறந்ததும் பெட்டியைப் பார்த்தார். பிறகு பின்னால் போய்ப் புகைக்குழாயின் உள்பக்கத்தை ஒரு விரலால் துடைத்து, அந்தக் கறுப்பு விரலை என் முன்னால் நீட்டினார்.

"தம்பி, இதை எப்போது மாட்டினீர்கள்?"

"ஜூன் மாதம், அண்ணே."

"கிளட்ச் எப்படியும் அடுத்த வருடம் கேட்டிருக்கும். இது கொஞ்சம் அவசரப்படுத்திவிட்டது."

உழைப்புக் கூலியோடு 1,150 வெள்ளி. பெட்டியால்தான் கிளட்ச் போனது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். 1 லட்சத்து 70 ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய கிளட்ச் அது, அவரே சொன்னபடி வயதானது. ஆனால் வயதானவரை மாடிப்படியில் ஓடச் சொன்னது நாங்கள்தான்.

தொழிற்சாலைகள் இந்த இழுவைக்கு வரம்பு வைப்பது கஞ்சத்தனத்தால் என்று ஒரு பேச்சு உண்டு. 'உள்ளே சக்தி ஒளிந்திருக்கிறது, திறந்துவிடுகிறோம்' என்பது எல்லாப் பெட்டிகளின் விளம்பரத்திலும் இருக்கும். டொயோட்டாவின் ஹைலக்ஸ் பிக்கப் கதையைப் பார்த்தால் போதும். அதன் 2.8 லிட்டர் இன்ஜின் 177 குதிரைத்திறனில் வந்தது. 2020இல் 204 ஆக உயர்ந்தது. முறுக்குவிசை ஆட்டோ கியர் வண்டிகளில் 450 நியூட்டன் மீட்டரிலிருந்து 500 ஆனது. அந்த 27 குதிரைகளுக்காக டொயோட்டா டர்போவைப் பெரிதாக்கியது, டீசல் செலுத்தும் அமைப்பை மாற்றியது, பிஸ்டனை மாற்றியது, இன்ஜின் சூடு தணியும் ஏற்பாட்டைத் திருத்தியது. இவ்வளவும் செய்த பிறகும், கையால் கியர் மாற்றும் 2.8 வண்டிக்கு 420 நியூட்டன் மீட்டரைத் தாண்டிக் கொடுக்கவில்லை. முன்பும் 420, பின்பும் 420. இன்ஜினைச் செய்தவர்களே அந்தக் கியர்பெட்டிக்கு இதற்குமேல் வேண்டாம் என்று கையைக் கட்டிக்கொள்ளும்போது, என் மைத்துனன் போர்ட்டிக்கோவில் கால் மணி நேரத்தில் அதைத் தாண்டிவிட்டான்.

ஆட்டோ கியர் வைத்திருப்பவர்கள் தங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்கவேண்டாம். ஆட்டோ கியர்பெட்டிக்குள்ளும் கிளட்ச் தகடுகள் உண்டு. அவற்றை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கவேண்டும் என்பதை, இன்ஜின் எவ்வளவு முறுக்குகிறது என்று கணினி சொல்வதைக் கேட்டுத்தான் கியர்பெட்டி தீர்மானிக்கிறது. கணினியே குறைத்துச் சொன்னால் பிடி தளர்வாகத்தான் இருக்கும். அங்கே தகடு நழுவினால் 1,150 வெள்ளியில் முடியாது.

புகையைப் பற்றியும் சொல்லவேண்டும். டீசல் இன்ஜினில் எப்போதும் எரிவதற்குத் தேவையானதைவிடக் காற்று அதிகமாக உள்ளே போகும். அதனால்தான் கொஞ்சம் டீசலைக் கூட்டினாலும் எரித்துவிடுகிறது. ஆனால் பெட்டி டீசலை மட்டும் கூட்டுகிறது, காற்றைக் கூட்டுவதில்லை, குறைந்தபட்சம் எங்கள் 680 வெள்ளிப் பெட்டி கூட்டவில்லை. முழு மிதியில் டர்போ சுழன்று சேரும் முன் காற்று போதாமல், எரியாத கரி வெளியே வரும். நம் நாட்டில் 1996ஆம் ஆண்டு விதிகளின்படி டீசல் வண்டிப் புகையின் அடர்த்தி 50 ஹார்ட்ரிட்ஜ் அலகைத் தாண்டக்கூடாது. சுற்றுச்சூழல் துறையினர் சாலையோரத்திலும் பிடித்து அளப்பார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புஸ்பகோம் போன்ற வாகனச் சோதனை நிலையத்துக்குப் போகவேண்டிய லோரிக்காரர்களுக்கு இது தலைவலி. சோதனைக்கு முதல்நாள் கழற்றி மறுநாள் மாட்டுகிறவர்களையும் எனக்குத் தெரியும். நான் அந்த மூன்று மாதம் ஓட்டியபோது பின்கண்ணாடியில் என் புகையை நானே பார்த்தேன். பின்னால் மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வெளியே போகாத கரி உள்ளே படியும். புதிய வண்டிகளில் புகைக்குழாயில் கரிவடிகட்டி வேறு இருக்கிறது. அது நிறைந்ததும் கணினி கூடுதல் டீசலை விட்டு, 600 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றி அதை எரிக்கும். கரி அதிகமானால் எரிப்பும் அடிக்கடி நடக்கும், அந்தக் கூடுதல் டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கும். அதிகம் பேசப்படாத சேதம் இது. மெல்ல நடப்பதால் யாரும் பெட்டியோடு முடிச்சுப் போடுவதில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விடப் பயம் சூடுதான். முன்னால் போகும் லோரியை முந்த ஐந்து விநாடி மிதிப்பது வேறு. சுமையோடு காராக் நெடுஞ்சாலையிலோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கோ அரை மணி நேரம் மிதித்துக்கொண்டே ஏறுவது வேறு. முழுச் சுமையில் டர்போவுக்கு முன்னால் புகையின் சூடு தொழிற்சாலை வைத்த அளவிலேயே 700 பாகையைத் தொடக்கூடியது. சுத்த அலுமினியம் 660 பாகையில் உருகும், பிஸ்டனோ அலுமினியக் கலவை. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சி அடித்துக் குளிர்விப்பதால்தான் அது பிழைத்திருக்கிறது. கூடுதலாக எரியும் டீசல் அந்த இடைவெளியைத்தான் தின்கிறது. புகையின் சூட்டைக் காட்டும் முள் பெரும்பாலான பிக்கப்புகளில் கிடையாது. ஆகவே எவ்வளவு தின்றது என்று ஓட்டுபவருக்குத் தெரியாது.

கிளட்ச் மாற்றுவதற்காக வண்டியைத் தூக்கியபோது அண்ணன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். டர்போவிலிருந்து காற்றைக் குளிர்விப்பானுக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய், பட்டை இறுக்கியிருந்த இடத்தில் ஆயில் ஊறி வெடித்திருந்தது. வெளியே பார்த்தால் தெரியாது. கையால் பிசைந்தபோது வாய் திறந்தது.

"இங்கேயே காற்று பாதி போய்விடுகிறது. வண்டி எப்படி இழுக்கும்?"

குழாய்க்கு 60 வெள்ளி. அதோடு பல மாதமாக நான் தள்ளிப்போட்டிருந்த டீசல் வடிகட்டியையும் மாற்றினார். பெட்டியைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். அடுத்த வாரம் அதே மலை, ஏறக்குறைய அதே சுமை. மூன்றாவது கியரில் வண்டி ஏறியது. பெட்டியோடு ஏறிய அளவுக்கு இல்லை என்பேன், ஆனால் ஜூன் மாதத்துக்கு முன் ஏறியதைவிட நன்றாகவே ஏறியது. நோட்டில் அதற்கடுத்த ஐந்து நிரப்பல்களின் சராசரி 10.6.

நோயை விட்டுவிட்டு வலிமாத்திரை விழுங்கியிருக்கிறேன். குழாய் வெடித்ததால் காற்றுக் குறைந்து இழுவை குறைந்த வண்டியில், காற்றைச் சரிசெய்யாமல் டீசலைக் கூட்டியிருக்கிறேன். அதனால்தான் அவ்வளவு புகை. 22 ஆண்டு பராமரிப்பு வேலை பார்த்தவன் இதை முதலில் சோதித்திருக்கவேண்டாமா என்று மனைவி கேட்டாள். மல்டிமீட்டர் வைத்திருப்பவனுக்கு எல்லா நோயும் மின்சாரத்தில் இருப்பதாகவே தோன்றும் என்று சொல்லித் தப்பித்தேன்.

அதனால் யாராவது என்னிடம் பெட்டி மாட்டலாமா என்று கேட்டால், முதலில் காற்றுக் குழாய்களைப் பிசைந்து பாருங்கள், டீசல், காற்று வடிகட்டிகள் இரண்டையும் மாற்றுங்கள், டயர் காற்றைப் பாருங்கள் என்கிறேன். டீசல் மிச்சத்துக்காக என்றால் மாட்டவே வேண்டாம். சுமை ஏற்றி மலை ஏறும் வண்டிக்கும் வேண்டாம். வார இறுதியில் ஈப்போவுக்குக் குடும்பத்தோடு போய்வரும் வண்டி, கிளட்ச் நல்ல நிலையில் இருக்கிறது, முந்தும்போது கொஞ்சம் உந்துதல் வேண்டும், அவ்வளவுதான் என்கிறவர்களுக்கு, காற்றழுத்தத்தையும் சேர்த்துக் கவனிக்கும் நல்ல பெட்டியை அதன் மிகக் குறைந்த அளவில் வைத்து ஓட்டுவதில் பெரிய பாவம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த ஆசைக்கு ரீமேப் செய்வது மேல். அதில் கணினியின் நிரலையே மாற்றுகிறார்கள். டீசல், காற்று, நேரம், முறுக்கு வரம்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்தத் திருத்தலாம். கணினிக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கும். வண்டியை, திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தில் ஏற்றி அளந்துகாட்டும் கடையாக இருக்கவேண்டும். மடிக்கணினியோடு வீட்டுக்கே வந்து பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் நான் என் வண்டியைக் கொடுக்கமாட்டேன்.

'கழற்றிவிட்டால் தடயமே இருக்காது' என்ற விற்பனைப் பேச்சைப் பற்றி ஒரு வரி. பெட்டி தடயம் விடாது என்பது பாதி உண்மை. அழுத்தக் கணக்கு முரண்பட்டால் கணினி பிழைக்குறியீட்டை, அப்போதைய வேகம், சூடு முதலிய நிலவரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். தேய்ந்த இன்ஜெக்டரும் கருகிய தகடும் தாமே பேசும். காப்புறுதி நிறுவனத்திடம் சொல்லாமல் இன்ஜினின் திறனை மாற்றிவிட்டு, விபத்து நடந்த பிறகு இழப்பீட்டுப் படிவத்தை நிரப்புகிறவரின் நிலைமையை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பெட்டி சில மாதம் எங்கள் வீட்டு மைலோ டின்னில், பழைய சாவிகளோடும் தீர்ந்துபோன மின்கலங்களோடும் கிடந்தது. மைத்துனன் வண்டியின் உத்தரவாதம் முடிந்த மறுவாரம் வந்து கேட்டான். இவ்வளவும் அவனிடம் நேரிலேயே சொன்னவைதான். கிளட்ச் பணத்தில் பாதியை அவனே கொடுத்தவன். இருந்தும் கேட்டான். எடுத்துக் கொடுத்தேன், கூடவே ஒரு புதிய நோட்டும். சிரித்துக்கொண்டே இரண்டையும் வாங்கிக்கொண்டு போனான்.

நான்கு நாள் கழித்து இரவு ஒன்பது மணிக்கு அழைத்தான்.

"அத்தான், 12.8 காட்டுகிறது!"

"பம்பில் எவ்வளவு வருகிறது?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னணியில் அவன் வண்டியின் குறியீட்டு விளக்கு டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"இன்னும் நிரப்பவில்லை, அத்தான்."